நாற்பத்தேழுக்குப் பிறகு ஐம்பது

1

என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் வருத்தப்படக் கூடாது.

எங்கள் நூலகம் நடத்தும் சின்னப் பத்திரிகையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. நூலகப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "வரலாறு, சமூகவியல், இலக்கியம்னு படிக்கிற பிள்ளைங்களுக்கு இணையத்துல இலவசமா என்னென்ன கிடைக்குது, எங்க தேடணும்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கம்மா" என்றாள்.

"நான் கல்லூரி வாசலையே மிதிச்சதில்லையேம்மா."

"அதனாலதான் உங்ககிட்ட கேட்கிறேன். உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, நீங்களா முட்டி மோதிக் கண்டுபிடிச்சீங்க. படிச்சவங்களைக் கேட்டா, எந்த இடத்துல முட்டினோம்னே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

சரி என்று பட்டியலை எழுதினேன். எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். மருந்துப் புட்டியோடு மடித்து வைத்திருக்கும் காகிதம் மாதிரி இருந்தது. எல்லாம் உண்மை, எல்லாம் உபயோகம், ஆனால் ஒருத்தரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பட்டியலைப் பார்த்து யாராவது கேட்பார்களா? எனக்குத் தெரிந்த வேலை கதை சொல்வது. ஆகவே, என் கண்ணுகளா, அந்தப் பட்டியலை ஒரு கதைக்குள் அங்கங்கே சொருகி வைக்கப்போகிறேன். எடுத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

2

ஆரம்பம் ஒன்று: "பொழுது புலர்ந்தது. பறவைகள்" — வேண்டாம். இந்தக் கதையில் பறவைகளுக்கு வேலை இல்லை.

ஆரம்பம் இரண்டு: "அறிவு என்பது மானுடம் அனைத்துக்கும் பொதுவான" — இதையும் அடித்துவிட்டேன். மைக்கைப் பிடித்தவர் விடமாட்டேன் என்கிற மாதிரி இருக்கிறது.

ஆரம்பம் மூன்று: "அவளை வீட்டில் எல்லோரும் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. பெயர் வைத்தவன் அண்ணன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து தங்கை கேட்ட 'ஏன்'களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தன் முன்தலை வழுக்கையாகிவிட்டது என்று இன்றைக்கும் தன் மனைவியிடம் புலம்புகிறான். குடைச்சல் இப்போது வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அண்ணன் வீட்டில் துணி காயப்போடும் அறைதான் அவளுக்குப் படிக்கும் அறை. கொடிக்குக் கீழே ஒரு மேசை. சட்டென்று நிமிர்ந்தால் ஈரத்துண்டு தலையில் தட்டும். மேசைமேல் இருக்கும் மடிக்கணினி அண்ணியுடையது. அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். வாய் திறக்கப் பயப்படுகிறவர்களைப் பேசியே திறக்க வைத்துவிடுவாள்.

குடைச்சலின் பல்கலைக்கழக நூலகம் ஆய்விதழ்ச் சந்தாக்களை நிறுத்திவிட்டது. அதனால் அவள் ஆய்வு முழுக்க இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடப்பதை நம்பித்தான் நடக்கிறது.

(முதல் சொருகல். நீங்கள் தேடும் கட்டுரைக்கு முன்னால் 'பணம் கட்டு' என்று பூட்டு தொங்கினால் திரும்பிப் போய்விடாதீர்கள். அதை எழுதினவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில், அச்சுக்குப் போகும் முன்பான வடிவத்தைப் பல நேரம் அவரே இலவசமாக வைத்திருப்பார். அங்கேயும் இல்லையா, அவருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் உள்ளம் குளிராத ஆய்வாளர் குறைவு.)

3

அவளுடைய ஆய்வுப்பொருளைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இனி வருவது எதுவும் உங்களுக்கு வலிக்காது.

வெகு காலத்துக்கு முன் ஒரு பெரிய நீராவிச் சலவைக்கூடம் இருந்தது. மருத்துவமனைகளின், விடுதிகளின் வெள்ளை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்கும். இஸ்திரி போடுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். வெளியிலிருந்து கரி வந்து விரிப்பில் படிகிறது என்று நிர்வாகம் ஜன்னல்களை ஆணியடித்து மூடிவிட்டது. உள்ளே ஆவி, வெக்கை. ஒருநாள் காலை பெண்கள் இஸ்திரிப் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஜன்னலைத் திறக்க வேண்டும்.

இதைப் பற்றி எழுதிவைத்தவர் ஒரே ஒருவர், தொழிற்கூடங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர். அவருடைய அறிக்கையில் அந்த நாளின் முடிவு இப்படி இருக்கிறது: "அன்று மாலை பெண்கள் அனைவரும் வேலைக்குத் திரும்பினார்கள்."

காலையில் கோபம், மாலையில் பணிவு. ஏன்? குடைச்சலுக்கு இதைவிட நல்ல 'ஏன்' கிடைக்குமா? மூன்று அத்தியாயம் எழுதினாள். பயம் ஒன்று, பசி ஒன்று, ஒற்றுமையின்மை ஒன்று.

அந்த வாக்கியத்தை முதன்முதலில் வெளியே கொண்டுவந்தவர் அவளுடைய நெறியாளர்தான். இளம் ஆய்வாளராக இருந்தபோது ரயிலேறி வேறு ஊர் நூலகத்துக்குப் போய், அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்து, அதை வைத்து ஒரு புத்தகமே எழுதியவர். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவரை மேற்கோள் காட்டினார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பார்த்தாயா மேடம்'. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் 'பார்த்தாயா?' என்று எழுதித் திருப்பித் தருவார். நீயே மூலத்தைப் பார்த்தாயா, இல்லை யாரோ சொன்னதைச் சொல்கிறாயா என்று அர்த்தம்.

"தேதி ஞாபகம் இருக்குல்ல?" என்றார் நெறியாளர்.

"இருக்கு மேடம். மாசக் கடைசி."

"அதுக்குள்ள ஆய்வேடு என் கையெழுத்தோட உள்ள போகலைன்னா உன் பதிவு ரத்து. கேட்க வேண்டிய நீட்டிப்பெல்லாம் கேட்டாச்சு. அப்புறம் மொதல்லேருந்துதான்."

"முடிஞ்சிடுச்சு மேடம். ஒரு படம் மட்டும் பாக்கி. இஸ்திரிக் கூடத்துப் படம் அறிக்கையில இருக்கு, ஆனா ஸ்கேன்ல கறுப்பா அப்பிக்கிடக்கு. ஜன்னல் எது, சுவர் எதுன்னே தெரியல."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிற? வேற நூலகத்துல வேற பிரதி இருக்கும். தேடு."

கவனியுங்கள். தேடச் சொன்னது அவர்தான். பின்னால் உதவும்.

4

இந்த இடத்தில் எனக்குக் குடைச்சல்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எழுதியதைப் படித்தால் பெண் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். உழைக்கிறாள், மரியாதையாகப் பேசுகிறாள், ஈரத்துண்டுக்குக் கீழே உட்கார்ந்து முணுமுணுக்காமல் படிக்கிறாள். இப்படி ஒருத்தி என் எதிரே வந்து நின்றால் நான் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பார்த்தேன். இருந்தது.

நெறியாளர் படித்த பிரதியை யாரோ பழுதுபார்க்கிறேன் என்று ஓரங்களை வெட்டித் தைத்திருந்தார்கள். பக்க எண்களும் வெட்டோடு போய்விட்டன. அதனால் நெறியாளர் தன் புத்தகத்தின் அடிக்குறிப்பில் நேர்மையாக எழுதியிருந்தார்: 'பக்கம் 47–48. எண்கள் வெட்டுப்பட்டுள்ளன, தாள்களை எண்ணிக் கணக்கிட்டது.'

குடைச்சல் தன் ஆய்வேட்டில் அதை அப்படியே போட்டாள். 'எண்ணிக் கணக்கிட்டது' என்பதையும் சேர்த்து. அவள் எண்ணவில்லை. பிற்பாடு இலவசக் களஞ்சியத்தில் அதே பிரதியின் ஸ்கேன் வந்தபோது திறந்தாள், வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, மூடிவிட்டாள். அவ்வளவுதான். எழுத்தைத் திருடினால் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. அடுத்தவர் எண்ணியதைத் தான் எண்ணியதாகச் சொன்னால் எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

இப்போது இவளை எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே போகலாம்.

5

தேட உட்கார்ந்தாள். அறிக்கையின் தலைப்பைப் போட்டாள். நாலைந்து தளங்களில் வந்தது. ஆவலோடு ஒவ்வொன்றாகத் திறந்தால் எல்லாவற்றிலும் அதே கறுப்புப் படம்.

(இரண்டாவது சொருகல். ஒரே ஸ்கேன் பல தளங்களில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் பக்கத்தில் இருக்கும் நூலக முத்திரையைப் பாருங்கள். முத்திரை ஒன்றென்றால் ஆள் ஒன்றுதான்.)

பிறகு தலைப்பை விட்டுவிட்டு, அறிக்கையை எழுதிய அலுவலகத்தின் பெயரைப் போட்டாள். தொழில், கூலி, ஆலை என்கிற பிரிவுகளில் ஒன்றும் இல்லை. சலித்துப்போய்ப் 'பொது சுகாதாரம்' என்கிற பிரிவைத் திறந்தாள். அங்கே இருந்தது. எங்கோ தூரத்து நூலகம் ஒன்று, ஜன்னலையும் காற்றையும் பற்றிய அறிக்கை என்பதால் அதைச் சுகாதாரத்தில் வைத்திருந்தது. முத்திரை வேறு. ஓரம் வெட்டாத பிரதி.

(மூன்றாவது சொருகல் தனியாக வேண்டாம். இப்போது படித்ததுதான்.)

படம் பளிச்சென்று இருந்தது. வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொன்றின் சட்டத்திலும் ஆணித்தலைகள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தின் விளக்கத்துக்காக அடுத்த சில பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்தேழாம் பக்கம். அச்சிட்ட எண்ணே தெரிந்தது. கடைசி வரி: "அன்று மாலை பெண்கள் அனைவரும்". மனப்பாடமான வாக்கியம் இல்லையா, பக்கத்தைத் திருப்பும் முன்பே அவள் வாய் 'வேலைக்குத் திரும்பினார்கள்' என்று முடித்துவிட்டது.

திருப்பினாள்.

"இஸ்திரிப் பெட்டியை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வாசற்கதவை மறித்து உட்கார்ந்தார்கள்."

எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. படித்தாள். நாற்பத்தொன்பதையும் படித்தாள். பெண்கள் வாசலை விட்டு அசையவில்லை. விடுதிகளில் விரிப்பு தீர்ந்துபோனது. நிர்வாகம் ஆள் அனுப்பியது, கெஞ்சியது, மிரட்டியது. நாற்பத்தொன்பதின் கடைசி வரி: "எல்லா ஜன்னல்களிலும் ஆணி பிடுங்கப்பட்டதைத் தாங்களே உள்ளே வந்து தொட்டுப் பார்த்த பிறகுதான்". ஐம்பதின் முதல் வரி: "வேலைக்குத் திரும்பினார்கள்."

குடைச்சல் நிமிர்ந்தாள். ஈரத்துண்டு தலையில் தட்டியது.

"அண்ணி! அண்ணி, ஓடி வாங்க!"

அண்ணி கையில் கரண்டியோடு வந்தாள். "என்னடி, கரப்பானா?"

"ரெண்டு பக்கத்தைக் காணோம் அண்ணி."

"எதுல?"

"எல்லார் புத்தகத்துலயும்."

மடிக்கணினியில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "பழைய பிரதியில ரெண்டு தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஸ்கேன் எடுத்தவரும் சேர்த்தே திருப்பிட்டார். இந்த ஓரத்தைப் பாருங்க, நிழல் மட்டும் தடிமனா விழுது."

"உங்க அண்ணன் மூஞ்சியைக்கூட நான் இவ்வளவு உத்துப் பார்த்ததில்லடி."

"வாக்கியம் அவ்வளவு அழகா ஒட்டிக்கிச்சு அண்ணி. அதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரல."

"சரி, காணாமப் போனது கெடைச்சிடுச்சு. சந்தோஷப்படாம ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நான் மூணு அத்தியாயம் எழுதியிருக்கேன் அண்ணி, அவங்க ஏன் அன்னிக்கே திரும்பினாங்கன்னு."

"ம்."

"அவங்க அன்னிக்குத் திரும்பவே இல்ல."

அண்ணி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "ஏண்டி, நடக்காத ஒண்ணு ஏன் நடந்துச்சுன்னா இத்தனை வருஷமா எழுதிக்கிட்டிருந்த?"

அண்ணி கரண்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்றதைக் கேளு. படத்தை ஒட்டு, இருக்கிறதைக் குடு, பட்டத்தை வாங்கு. சாவகாசமா அப்புறம் சொல்லிக்கலாம். உங்க மேடமே பார்க்காததை எவன் வந்து பார்க்கப்போறான்?"

"மேடம் பார்த்தாங்க அண்ணி. ரயிலேறிப் போய்ப் பார்த்தாங்க. பார்க்காதது நான்தான்."

"கையெழுத்துப் போடப்போறதும் அவங்கதான். அதை மறந்துடாத. அவங்க புத்தகமே அந்த ஒரு வரி மேலதானே நிக்குது?"

குழம்பு தீயும் வாசனை வந்தது. அண்ணி எழுந்து ஓடினாள். அன்று சாயங்காலம் குடைச்சல் நேராக

7

நெறியாளரின் அறைக்குப் போனாள்.

மடிக்கணினியை அவர் மேசையில் வைத்து, இரண்டு பிரதிகளையும் திறந்து வைத்துவிட்டு, தள்ளி நின்றாள். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு திரையில் அந்தத் தடித்த நிழல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார், தாள் பிரியுமா என்று பார்க்கிற மாதிரி.

"இந்தப் புத்தகத்தை மடியில வெச்சுப் படிச்சவ நான்" என்றார். "ஒவ்வொரு தாளா எண்ணினேன்."

"தெரியும் மேடம். அடிக்குறிப்புல எழுதியிருக்கீங்க."

"ரெண்டு தாள் சேர்ந்திருக்குன்னு விரலுக்குத் தெரியலையே."

நெறியாளர் திரையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ உன் மூணு அத்தியாயமும்?"

"எடுத்துட்டேன் மேடம். ஒண்ணு புதுசா எழுதியிருக்கேன்." பையிலிருந்து எடுத்து வைத்தாள். 'ஜன்னல் திறக்கும் வரை' என்று தலைப்பு.

"மூணு இருந்த இடத்துல ஒண்ணு. தேர்வாளர்கள் ஒத்துக்குவாங்களா?"

"தெரியல. ஒத்துக்கலைன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

"என் புத்தகத்தைப் பத்தி?"

"ரெண்டாவது பக்கத்துல இருக்கு மேடம். நீங்க எந்தப் பிரதியைப் பார்த்தீங்க, அதுல என்ன ஆச்சுன்னு. எண்ணாமலே எண்ணினேன்னு நான் எழுதினதும் அதுக்குக் கீழயே இருக்கு."

நெறியாளர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"போன வாரமே சொல்லிட்டேன் மேடம். பழைய ஸ்கேன் இருக்கிற தளத்துல படிக்கிறவங்க குறிப்பு எழுத இடம் இருக்கு. அங்க எழுதிட்டேன். யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம?"

"கேட்டு, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா..." குடைச்சல் நிறுத்தவில்லை. "அதுக்கப்புறம் எனக்கு உங்களைப் பிடிக்காமப் போயிடும் மேடம். அதான் கேட்கல."

நெறியாளர் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

8

இனி முடிவு.

முடிவு ஒன்று: "பென்சில் இரண்டாக முறிந்தது. 'வெளியே போ' என்று நெறியாளர்" — அடித்துவிட்டேன். தாள் தாளாக எண்ணிய ஒரு மனுஷி இவ்வளவு மலிவாகக் கத்துவாளா?

முடிவு இரண்டு: "நெறியாளர் எழுந்து வந்து, கண்ணில் நீர் தளும்ப, அவளை மார்போடு" — இதையும் அடித்துவிட்டேன். தன் வாழ்நாள் புத்தகத்தின் அடிக்கல்லை உருவியவளை அந்த நிமிஷமே கட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

கையெழுத்துப் போட்டாரா, இல்லையா? நீங்கள் இதுவரை எப்படிப்பட்ட ஆசிரியரைக் கண்டிருக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. நான் போட வைக்க மாட்டேன், போடாமல் தடுக்கவும் மாட்டேன். கையெழுத்து அவருடையது. ஆனால் குடைச்சல் எழுதிய குறிப்பு அவளுடையது. அது பழைய ஸ்கேனுக்குக் கீழே இருக்கிறது: 'இந்தப் பிரதியில் நாற்பத்தேழுக்குப் பிறகு ஐம்பது வருகிறது. நடுவே இரண்டு பக்கங்கள் உண்டு. அவை உள்ள பிரதியின் இணைப்பைக் கீழே தருகிறேன். ஜன்னல் திறந்தது.' எந்தக் கையெழுத்தும் இனி அந்தத் தாளை மறுபடி ஒட்ட வைக்காது.

(கடைசிச் சொருகல். தளத்தில் குறிப்பு எழுத இடமிருந்தால் எழுதுங்கள். இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள் திருப்பி வைக்கக்கூடியது அதுதான். நூலகப் பெண்ணே, பட்டியல் முடிந்தது. ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள். தயவுசெய்து நடுவில் எதையும் வெட்டிவிடாதே.)

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐந்துக்குப் பிறகு ஏழு வந்ததைக் கவனித்தீர்களா?

கவனித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கவனிக்காதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனது, நீங்களும் கூடவே போய்விட்டீர்கள். நெறியாளருக்கு நடந்தது அதுதான். 'போன வாரமே சொல்லிட்டேன்' என்று குடைச்சல் சொன்ன இடத்தில் சிலருக்காவது இடித்திருக்கும். அன்று சாயங்காலமே நெறியாளரிடம் போயிருந்தால் போன வாரம் எங்கிருந்து வந்தது? புது அத்தியாயம் எப்போது எழுதப்பட்டது?

அன்று சாயங்காலம் அவள் நெறியாளரிடம் போகவில்லை. வேறெங்கோ போனாள். பிறகு சில நாட்கள் இருந்தன. அதைத்தான் ஆறாவது பகுதியாக எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் பொய்யாக வந்தது. உழைத்து எழுதிய அத்தியாயங்களைத் தன் கையாலேயே எடுக்கிறவள் முதலில் எதைத் தொடுவாள், எந்த வரியில் நிற்பாள், அண்ணி சொன்னதைச் செய்துவிடலாம் என்று எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்திருப்பாள்? எனக்குத் தெரியவில்லை. நான் ஆய்வேடு எழுதியவள் இல்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பவர்கள், எழுதப்போகிறவர்கள். உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஆறை உங்களிடம் விடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அவள் எங்கே போனாலும் சரி, என்ன நினைத்தாலும் சரி, கடைசி வரியில் அவளை அந்த அறையின் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

தாள் கீழே இருக்கிறது. வெறும் தாள்தான். ஆனால் ஒட்டியிருக்கவில்லை, நான் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

6